அடிபட்டால் நிற்கணும்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப் அறைக்கு யாரும் வர மாட்டார்கள். அதற்காகவே ஆவுடைச்செல்வி அந்த நேரத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். கதவைச் சாத்தினாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், ஸ்லைடுகள் இருந்த சின்னப் பெட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தாள், பிறகு அதைத் திறக்காமல் ஏ.சி. சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மாடி இறங்கினால் கேன்டீன். அங்கே அக்கா உலகம்மாள் தன் மகள் கோமுவோடு உட்கார்ந்திருக்கிறாள். காலையில் பொதிகை ரயிலில் சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கினார்கள், ராத்திரி அதே வண்டியில் திரும்புகிறார்கள், நடுவில் இந்த மத்தியானம் மட்டும்தான். எதுவா இருந்தாலும் போன்ல சொல்லாத, நான் நேர்ல வாரேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். எதற்கு நேரில்? போனில் சொன்னால் சொல்லிவிட்டு வைத்துவிடலாம். நேரில் என்றால் முகம் இருக்கும். வரவர அம்மாவின் முகமாகவே ஆகிக்கொண்டு வருகிற அக்காவின் முகம். மாமாவின் முகமும் அதேதான், மாமா அம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி, அக்காவுக்குத் தாய்மாமன், அக்காவைக் கட்டியவர். ஒரே மூக்கு, ஒரே நெற்றி. கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள் என்று போட்டோ எடுத்தவர் சிரித்தார், பந்தலே சிரித்தது, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்ற ஆவுடையும் சிரித்தாள். சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்றார்கள். விட்டுப்போகவில்லை, ரத்தத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. சரி, பெட்டியைத் திற. திறக்கலாம். கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவால் துடைத்தாள், இரண்டாவது தடவையும் துடைத்தாள், துடைக்க இனி ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு பெட்டியைத் திறந்தாள்.

பெட்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி கோமு, போன வாரம் ஊரில் எடுத்து அனுப்பிய ரத்தம், இன்னொருத்தி அவள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும், லேபில் யாரைக் கேட்டாலும் கையை நீட்டியிருப்பார்கள், ஆனாலும் அவள் தன் கையையே நீட்டினாள், ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை. இரண்டு ரத்தத்தையும் ஒரே சூட்டில் வைத்து வளர்த்து, செல்கள் ஒன்று இரண்டாகப் பிரிந்து பெருகத் தொடங்கியதும் அவற்றின்மேல் கொஞ்சம் கதிர்வீச்சு பாய்ச்சி, ஆளுக்கு மூன்று ஸ்லைடு தயார்செய்திருந்தாள். பாய்ச்சுவதற்கு முன்னால் ஒன்று, பாய்ச்சிக் கொஞ்ச நேரத்தில் ஒன்று, வெகுநேரம் கழித்து ஒன்று. எது யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும். அதனால் கூட வேலைபார்க்கும் ஹெலன் மேடம் பெயர்களை மறைத்து, ஒருவருக்கு ஏ, மற்றவருக்கு பி என்று மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்தார். கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது கூட்டத்துக்குள் கோமு தள்ளாடித் தள்ளாடி வந்ததை எத்தனை பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணுக்கும் அது நோயாகத் தெரியவில்லை. செத்துப்போன அண்ணன்காரன் நடையைப் பார்த்துப் பழகிவிட்டாள் என்றார்கள். கண்ணின் வெள்ளையில் சிவப்புச் சிவப்பாய் நூல் ஓடுகிறதே என்றால் சூடு என்றார்கள், அக்கா வாராவாரம் விளக்கெண்ணெய் வைத்தாள். ஆவுடை அந்தக் கண்ணைக் கையில் ஏந்திப் பார்த்தாள். சித்தி, எண்ணெய் வைக்கப் போறியா என்று கோமு கேட்டாள். இல்லடா என்றாள். பஞ்சுமிட்டாயை ஒட்டவைத்துக்கொண்ட வாய், ஒன்பது வயசுக்குச் சின்ன உடம்பு, அந்த இரண்டு கண்ணிலும் மெல்லிய சிவப்பு இழைகள். புத்தகத்தில் படமாகப் பார்த்த கண். வருஷக்கணக்காக அவள் ஆராய்ச்சி பண்ணுகிற பரம்பரை நோய் ஒரு பிள்ளையின் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு எண்ணெய் வைக்கப் போறியா என்று கேட்டது.

ஏ ஒன்றை வைத்தாள். குமிழைத் திருகத் திருக மங்கல் விலகி, ஊதா நிறத்தில் செல்கள் எழுந்து வந்தன. பெரும்பாலானவை உருண்டையாகச் சும்மா கிடந்தன, அங்கங்கே ஒன்று பிரியத் தயாராகி, குரோமோசோம்கள் சின்னச் சின்னக் குச்சிகளாகத் திரண்டு கிடந்தன. ஆரோக்கியமான, அலுப்பூட்டுகிற காட்சி. ஏ இரண்டை வைத்தாள். ஒன்றும் இல்லை. நகர்த்தினாள், இல்லை. மறுபடி நகர்த்தினாள், உருண்டைகள், உருண்டைகள், ஒரு குச்சியும் இல்லை. எல்லாம் நின்றுவிட்டன. கதிர் பட்டதும் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன, அறுந்ததைத் தெரிந்துகொண்டு ஒரு புரதம் நில் என்று சொல்லியிருக்கிறது, அத்தனை செல்லும் அப்படியே நின்றிருக்கின்றன. மாணவர்களுக்கு இதைச் சொல்லும்போது அவளுக்கு எப்போதும் குரல் கொஞ்சம் உயரும். தளும்பத் தளும்பத் தயாராகி, இதோ பிரியப் போகிறோம் என்கிற கட்டத்தில் வந்து, அவ்வளவையும் நிறுத்திவிட்டு, அறுந்ததை ஒட்டுவதற்காகக் காத்திருக்கிற பொறுமை. ஒட்டி முடிந்த பிறகுதான் போ என்று உத்தரவு. ஏ மூன்றில் அவை போயிருந்தன. எங்கு பார்த்தாலும் பிரிந்துகொண்டிருந்தன, இத்தனை நேரம் காத்துக் கிடந்தவை எல்லாம் ஒன்றாகக் கிளம்பின மாதிரி. அக்காவுக்குப் போனில் சொன்னபோது வேறு மாதிரி சொன்னாள். உங்க தறி ஷெட்டுல நூல் அறுந்தா மிசின் தானா நிக்கும்ல, முடிச்சுப் போட்டுட்டுத்தான் மறுபடி ஓட்டுவீங்க, உடம்புக்குள்ளயும் அப்படித்தான்க்கா. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், அப்போ நின்னா நல்லதா, ஓடுனா நல்லதா? நிக்கணும்க்கா, அடிபட்டால் நிற்கணும். நிக்கலன்னா? ஆவுடை சாப்டியா என்று கேட்டாள். அக்காவும் சாப்பிட்டேன் என்றாள். இரண்டு பேரும் அதோடு விட்டார்கள்.

பி ஒன்று முதலாவதைப் போலத்தான் இருந்தது. அதைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துக்கொண்டிருந்தாள், அடுத்ததை எடுக்காமல் இருப்பதற்காக. பிறகு எடுத்தாள். ஸ்லைடை வைத்துக் கண்ணை வைக்கும் முன்னாலேயே, கண்ணை வைக்காமலேயே, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பார்த்த முதல் இடத்திலேயே இருந்தது. பிரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. நகர்த்தினாள், இன்னொன்று. கதிர் பட்டதே தெரியாத மாதிரி, யாரும் நில் என்று சொல்லாத மாதிரி, எல்லாம் போய்க்கொண்டே இருந்தன. பெரிதாக்கிப் பார்த்தபோது குரோமோசோம்கள் முறிந்திருந்தன. ஒரு துண்டு தன் உடலை விட்டுத் தனியே கிடந்தது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல். முறிந்ததைத் தூக்கிக்கொண்டே ஓடுகின்றன. பி நானாக இருக்கட்டும். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்தது, வந்ததும் அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏன் இருக்கக் கூடாது? அதே அம்மா, அதே ரத்தம், நாற்பது வயசு வரை தெரியாமலேயே இருந்திருக்கலாம். இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். இப்படிப்பட்ட செல்லோடு பிறந்த ஒருத்தி படியேறி வந்து, நாற்காலியைத் திருகி, கை நடுங்காமல் இந்தக் குமிழைத் திருப்ப முடியாது. தெரிந்தும் நினைத்தாள். பி நானாக இருக்கட்டும், கோமு ஏயாக இருக்கட்டும், பிள்ளைக்குக் காலில்தான் ஏதோ பலவீனம், நான்தான் நோய்க்காரி. அதற்காகத்தானா என் ரத்தத்தைக் கொடுத்தேன்? இரண்டு பேரும் பெண், இரண்டிலும் எக்ஸ் எக்ஸ், பார்த்துப் பிரிக்க முடியாது. பையனாக இருந்தால் ஒய் குரோமோசோம் காட்டிக்கொடுத்துவிடும். சங்கருவின் ரத்தம் இருந்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். சங்கருவின் ரத்தம் இல்லை, சங்கருவே இல்லை. அவள் கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். அந்தப் பெயர் பக்கம் போகக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வந்தது.

சங்கரநாராயணன், அக்காவின் மூத்தவன். ஊர்க்கோயில் சாமி பெயர் அவனுக்கு, அம்மன் பெயர் தங்கைக்கு. அவனும் மூன்று வயசிலேயே தள்ளாடினான், காலில் பலமில்லை என்று கனமான பூட்ஸ் வாங்கிப் போட்டார்கள், அந்தப் பூட்ஸின் கனத்துக்கே விழுந்தான். எட்டு வயசில் மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குள் கட்டி, புற்று. ஆவுடை அப்போது ஜெர்மனியில் ஒரு குளிர் ஊரில் இருந்தாள், போன் திரைக்குள் அக்கா வருவாள், பின்னால் ஆஸ்பத்திரிச் சுவர். மருந்து ஏற்றினார்கள், பிறகு கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு அங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், கரண்டு வைக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிற அளவுதான், பலருக்குக் கட்டி கரைந்து வீட்டுக்குப் போனார்கள். இவனுக்கு முதுகு வெந்தது. நெருப்பில் காட்டின மாதிரி நெஞ்சும் முதுகும் உரிந்து, தொண்டை புண்ணாகி, தண்ணீர் இறங்கவில்லை. இவ்வளவு கொஞ்சமா வச்சும் இப்படியா என்று கரண்டு வைத்த இளம் டாக்டரே கலங்கிப்போய் நின்றாராம். அக்கா போனை அவன் முகத்துக்கு மட்டும் காட்டுவாள், கழுத்துக்குக் கீழே காட்ட மாட்டாள். சித்தி, அங்க ஐஸ் கொட்டுதா என்று கேட்பான், குரல் வராது, உதடு மட்டும் அசையும். கொட்டுதுடா. அந்த ஐஸை ஜன்னலைத் திறந்து காட்டுவாள், பார்த்துக்கொண்டே இருப்பான். நோய் முத்திவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள், அவளும் அப்படித்தான் நினைத்தாள், யாருக்குத் தெரியும், யாருக்கும் தெரிய வழியில்லை. கரண்டு வைக்காவிட்டாலும் நோயாலேயே அவன் போயிருப்பானோ என்னவோ. ஆனால் அந்தக் கரண்டு அவன் செல்களுக்கு வேறு. மற்றப் பிள்ளைகளின் செல்கள் அடிபட்டதும் நின்று, ஒட்டி, மறுநாளைக்குத் தயாராகியிருக்கும். அவனுடையவை நின்றிருக்காது. இன்றைக்கு அறுந்ததோடு நாளைய அடியையும், நாளை அறுந்ததோடு மறுநாள் அடியையும் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கும். இதோ, இந்தக் கண்ணாடித் துண்டில் ஓடுகிற மாதிரி.

அக்கா நான்கு வருஷமாக ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறாள். ஒரு நாள் விடல. துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள், வருஷத் திதிக்கு வந்தவர்களிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவளிடம்கூடச் சொல்வதை ஆவுடை கேட்டிருக்கிறாள். என் பிள்ளைக்கு வைத்தியத்துல ஒரு நாள் விடல. மழையில ரோடெல்லாம் தண்ணி நின்ன அன்னைக்கும் கொண்டுபோனோம். பஸ் ஓடாத அன்னைக்கும் கொண்டுபோனோம். சொல்லும்போது அவள் முதுகு நேராகும். அந்த வார்த்தையை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு அந்த இடத்தில் எதை வைப்பது? சொல்லாமல் விடலாம். கோமுவைப் பற்றி மட்டும் சொல்லலாம், நரம்பில் நோய், நடை குறைந்துகொண்டே போகும், சளி பிடித்தால் உடனே பார்க்க வேண்டும். ஆனால் கோமுவைப் பற்றிச் சொன்னால் கண்டபடி எக்ஸ்ரே எடுக்கக் கூடாது என்று சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே கூடாது என்றால் கரண்டும் கூடாது என்று சொல்ல வேண்டும், நாளைக்கு இவளுக்கும் கட்டி வந்தால், வரக்கூடிய நோய்தான் இது, அப்போது யாராவது தெரியாமல் வைத்துவிடக் கூடாது. கரண்டு கூடாது என்று சொன்ன அந்த நொடியில் அக்கா நிமிர்ந்து பார்ப்பாள். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைக்க வழியே இல்லை, உயிரோடு இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றுகிற வாக்கியத்துக்குள்ளேயே செத்துப்போன பிள்ளை இருக்கிறான். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது. டாக்டரை விட்டுச் சொல்லச் சொல்லலாமா. அது இன்னும் மோசம். எழுதிக் கொடுத்துவிடலாமா. கோழைத்தனம். ஹெலன் மேடம் இன்டர்காமில் கூப்பிட்டபோது அவள் பி மூன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரம் என்று தெரியாமல், வெறும் வெளிச்ச வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சுதா செல்வி?”

“முடிஞ்சுது மேடம். ஏ நிக்குது, திரும்பக் கிளம்புது. பி நிக்கல.”

அந்தப் பக்கம் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“எது எதுன்னு சொல்லட்டுமாம்மா?”

“சொல்லுங்க.”

“ஏ நீங்க.”

சரி மேடம் என்றாள். ஸ்லைடுகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள், விளக்கை அணைத்தாள், மைக்ராஸ்கோப்புக்கு உறையைப் போட்டாள், எல்லாம் தினமும் செய்கிற மாதிரி. படியிறங்கும்போது கால்கள் ஒழுங்காக இறங்கின, ஒன்று, அடுத்து ஒன்று, பிசகாமல், அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆரோக்கியம் இவ்வளவு சத்தம் போடும் என்று இதற்கு முன் அவளுக்குத் தெரியாது.

கேன்டீனில் கூட்டம் கலைந்திருந்தது. ஜன்னலோரத்தில் கோமு எலுமிச்சைச் சாதத்தைத் தானே அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கை வாய்க்குப் போகும் வழியில் ஆடி, பாதி மேஜையில் சிந்தியது. அக்கா சிந்தினதைத் துடைக்காமல், ஊட்டிவிடாமல், கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். ஆவுடை வந்து உட்கார்ந்ததும் மகள் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“சொல்லு.”

“நிக்கலக்கா.”

அக்கா தலையை ஆட்டினாள். அழவில்லை. “நடை?”

“கொஞ்சங் கொஞ்சமா குறையும். இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல சக்கர நாற்காலி வேணும். புத்திக்கு ஒண்ணும் இல்ல, நல்லாப் படிப்பா. சளி, காய்ச்சல்னா அன்னைக்கே காட்டணும். அப்புறம்…” தண்ணீர் டம்ளரைக் கோமு பக்கம் நகர்த்தி வைத்தாள். “எந்த டாக்டர்ட்ட போனாலும் முதல்ல இந்த நோய் பேரச் சொல்லணும். சும்மா சும்மா எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்க விடக் கூடாது.”

“கரண்டும் வைக்கக் கூடாது,” என்றாள் அக்கா. “அதானே?”

ஆவுடை அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் புதிதாக எதுவும் நடக்கவில்லை. நடக்க வேண்டியது எப்போதோ நடந்து முடிந்திருந்தது.

“தபசுக்கு வந்தப்ப நீ ஒரு கேள்வி கேட்ட, ஞாபகம் இருக்கா? சங்கருக்கு முதுகு வெந்தது கரண்டு வச்ச எத்தனாவது நாள்லன்னு. நான் அடுப்படியில நின்னேன். நீ சாதாரணமாத்தான் கேட்ட. ஆனா உன் மூஞ்சி சாதாரணமா இல்ல. அன்னையிலருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நூல் அறுந்தா நிக்கணும்னு நீ போன்ல சொன்னப்ப எனக்கு விளங்கிருச்சு.”

“அக்கா, அது யாருக்கும்…”

“தெரியும்ட்டி. யாருக்கும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் கேக்கல.” ஒரு பருக்கையை மேஜையிலிருந்து விரலால் ஒற்றி எடுத்தாள். “உங்க மாமாட்ட மட்டும் சொல்லிராத. சங்கரு வரமாட்டேன்னு காலை உதைப்பான் ஆவுடை. அந்தக் கரண்டு ரூம் வாசல்ல வந்ததும் கதவப் பிடிச்சுக்கிடுவான். அவுகதான் விரலை ஒவ்வொண்ணா எடுத்துவிட்டு, தோள்ல போட்டு உள்ள தூக்கிட்டுப் போவாக. தினமும். நான் பாக்கமாட்டாம திரும்பி நின்னுக்கிடுவேன். அந்த மனுசன் இதத் தாங்க மாட்டாரு.”

நான் தாங்கிக்கொள்கிறேன் என்று அக்கா சொல்லவில்லை. கோமு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்தாள், தாடையில் வழிந்தது, யாரும் திட்டாததால் இன்னும் கொஞ்சம் வழியவிட்டு விளையாடினாள். ஆவுடைக்கு அக்காவின் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடித்தால் இரண்டு பேரில் யாராவது ஒருவர் உடைந்துவிடுவோம் என்று பயந்து, சிந்திக் கிடந்த சோற்றைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினாள். அப்போது அக்காவின் போன் அடித்தது.

“உங்க மாமாதான்,” என்று எடுத்தாள். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ, கடைக்குப் போய்வந்தவள் பேசுகிற குரல். “ஆங்… பாத்தாச்சு. நரம்புல கோளாறாம். கவனமா வச்சுக்கிட்டா ரொம்ப நாளைக்கு ஒண்ணும் செய்யாதாம். எக்ஸ்ரே மட்டும் எடுக்கக் கூடாதாம், சேராதாம்… ஆமா, சாப்பிட்டா. நீங்க சாப்பிட்டீங்களா? குழம்பச் சுட வச்சிக்கோங்க.” பிறகு கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல வெளிறியது. போனைக் காதிலிருந்து எடுத்து, வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் மூடினாள். “உங்கிட்டப் பேசணுங்காக.”

ஆவுடை வாங்கிக்கொண்டாள். “மாமா.”

“ஆவுடை, நல்லாருக்கியாம்மா?” மாமா டீக்கடை ஓரத்தில் நின்று பேசுகிறார் போல, பின்னால் வண்டிகள் போயின. “உங்க அக்கா எதையும் முழுசாச் சொல்லமாட்டா. அதான். நான் படிக்காதவன், எனக்கு விளங்குற மாதிரி சொல்லு. சங்கருக்கு இருந்ததும் இதேதானா?”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமுவும் நிமிர்ந்து பார்த்தாள், அப்பா குரல் வெளியே கேட்டதால்.

“இதேதான் மாமா. பிறக்கும்போதே உள்ளது.”

“சரிம்மா.” தொண்டையைச் செருமினார். “அப்போ ஒண்ணு மட்டும் கேக்கேன். அவன் விசயத்துல… நாம எதுவும் தப்பாச் செஞ்சிரலல்லா?”

வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அது போய் முடியும்வரை அவர் காத்திருந்தார், அவளும் காத்திருந்தாள்.

“இல்ல மாமா,” என்றாள் ஆவுடை. “நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சீங்க.”

“ம்,” என்றார். நீளமாக மூச்சு விட்டது காதில் கேட்டது. “அது போதும்மா. ரெண்டு பேரையும் நேரத்தோட வண்டி ஏத்தி விட்டுரு.”

போனைத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள், பாதியில் சிக்கிக்கொண்டது, திரும்ப இழுத்தாள். “கோமு, வா, கை கழுவலாம்,” என்று எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்தாளோ அந்தப் பக்கமெல்லாம் அவளும் சாய்ந்து சாய்ந்து போனாள். குழாயைத் திறந்துவிட்டு, மகளின் கையைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, கழுவி முடித்த பிறகும் மூடாமல், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அங்கேயே நின்றாள். தண்ணீர் சத்தமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆவுடை எழுந்து போய் அவள் பக்கத்தில், மற்றவர்கள் பார்க்காதபடி மறைத்து நின்றுகொண்டாள்.